எல்லா போனும் ஒரே நேரத்தில் பேசினால் சேதி போகாது

மழைக்காலம் வந்தால் சென்னையில் ஒரு யோசனை தவறாமல் கிளம்பும். டவர் படுத்துவிட்டால் என்ன, போனிலிருந்து போனுக்கே சேதி தாவிப் போகட்டுமே என்று. நல்ல யோசனைதான். 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோது கோட்டூர்புரத்திலும் முடிச்சூரிலும் எத்தனையோ பேர் கையில் போன் இருந்தும் சிக்னல் இல்லாமல் தவித்தார்கள்.

ஆனால் இதைச் செயலியாக எழுத உட்காருகிறவர்கள் முதலில் கையிலெடுப்பது ஃப்ளடிங் என்ற முறை. புதுச் சேதி வந்தால் உடனே சுற்றியுள்ள போன்களுக்கெல்லாம் மறுபடி அனுப்பு, பார்த்த சேதி என்றால் விட்டுவிடு, அவ்வளவுதான். மேஜைமேல் நாலு போனை வைத்துப் பார்த்தால் அருமையாக ஓடும். வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடியில் இருநூறு போன் இருந்தால்? எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நொடியில் அனுப்பும், அலைகள் மோதிச் சிதையும். வைஃபை பிராட்காஸ்டில், அதாவது எல்லாருக்கும் பொதுவாக அனுப்பும்போது, ‘கிடைத்தது’ என்ற பதிலும் வராது என்பதால், சேதி செத்துப்போனது அனுப்பிய போனுக்கே தெரியாது.

தைவான் ஆய்வாளர்கள் 1999-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். சேதியை ஒருமுறை கேட்ட கருவி அதைத் திரும்ப அனுப்பினால் புதிதாகச் சென்றடையும் பரப்பு அதன் வீச்சில் சராசரியாக 41 சதவீதம், அதிகபட்சமே 61தான். நாலு முறை கேட்ட பிறகு அனுப்பினால் 5 சதவீதம்கூடத் தேறாது. அந்த 5 சதவீதத்துக்காக அலைவரிசையையும் பேட்டரியையும் கொட்டுகிறோம். கரண்ட் இல்லாத ராத்திரியில் பேட்டரிதான் உயிர்.

அவர்கள் சொன்ன தீர்வுகளில் எனக்குப் பிடித்தது மிக எளிமையானது. சேதி வந்ததும் சிறிது நேரம் காத்திரு. எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வொரு போனும் தற்போக்காகத் தேர்ந்தெடுக்கும். அதற்குள் அதே சேதி அக்கம்பக்கத்திலிருந்து மூன்று நாலு தடவை காதில் விழுந்தால், நீ அனுப்பாதே. ஆள் அதிகமில்லாத தெருவில் இந்த எண்ணிக்கையை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் சேதி பாதியிலேயே நின்றுவிடும். அதற்கும் பின்னால் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். (போன் பூட்டிக் கிடக்கும்போது இயங்குதளங்கள் ரேடியோவைச் சுதந்திரமாக இயக்க விடுவதில்லை. அது தனிச் சண்டை.)

நம் கல்லூரிகளில் வெள்ளச் செயலி புராஜெக்ட்டுக்கு மதிப்பெண் போடுகிற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். சேதி போய்ச் சேர்ந்ததா என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை போன் அனுப்பாமல் இருந்தது என்றும் கேளுங்கள். நாலு போன் டெமோவை ஏற்காதீர்கள். ஒரு ஹாஸ்டல் முழுக்க நிறுவி, வைஃபை ரூட்டரை அணைத்துவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அக்டோபருக்கு முன்னால் செய்தால் இன்னும் நல்லது.