ஒரு நத்தை 80 லட்சமாகுமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கணக்கு சுற்றுகிறது: ஆப்பிரிக்க நத்தை ஒன்று 200 முட்டை இடும், மூன்றாம் தலைமுறையில் 80 லட்சம், அடுத்த மழைக்குள் பாலக்காட்டில் பச்சை இலையே மிஞ்சாது.

பெருக்கல் சரிதான். ஆனால் அது ஒரு முட்டைகூடச் சாகாது என்று வைத்துப் போட்ட கணக்கு. பாலக்காட்டில் இந்த நத்தை 1950-களிலேயே வந்துவிட்டது. அந்தக் கணக்குப்படி மாவட்டம் எப்போதோ மூடிப்போயிருக்க வேண்டுமே!

பொரிந்த குஞ்சுகளில் பெரும்பாலானவை வெயிலில் காய்ந்தும், எறும்புக்கும் பறவைக்கும் இரையாகியும் போகின்றன. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்குத்தான் மழைக்காலத்தில் வெள்ளையடித்த சுவரைச் சுரண்டுகிறது. கோடையில் ஓட்டின் வாயைச் சவ்வால் மூடிக்கொண்டு தூங்கிவிடும், அப்போது முட்டையும் இல்லை. கூட்டம் பெருகினால் தீனி குறையும், நோய் பரவும். எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் இடத்தில், ஒரு நத்தை வாழ்நாளில் இடும் முட்டைகளில் சராசரியாக ஒன்றுதான் வளர்ந்து முட்டையிடும்.

அதற்காகச் சும்மா விட்டுவிடவும் முடியாது. புதிதாக நுழைந்த தோட்டத்தில் முதல் சில பருவங்கள் மளமளவென்று பெருகி வாழை, பப்பாளி, காய்கறியை மொட்டையடிக்கும். பொறுக்கும்போது கையுறை போடுங்கள்; மூளைக்காய்ச்சல் தரும் புழு அதன் சளியில் இருக்கலாம்.