பிழைத்து வந்தவன் கணக்கில் வரமாட்டானா?

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வந்து இறங்கிவிட்டார்கள், நேற்று சாயங்காலம் ஊரணிப் பக்கம் போனால் படி முழுக்கச் செருப்பு. பார்க்க சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சித்திரை பிறந்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். காரணம் என் தம்பி, சித்தப்பா மகன்.

அவன் மூழ்கிச் சாகவில்லை, உயிரோடுதான் இருக்கிறான். அதனால்தான் அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

11 வருஷம் ஆச்சு. தேவகோட்டை ரஸ்தாவிலிருந்து உள்ளே போனால் உறவுக்காரர் தோட்டம், அங்கே ஒரு பம்புசெட்டுக் கிணறு. முந்தின வருஷ லீவில் அந்தக் கிணற்றில் மூணு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் கிடந்தது, நானே மோட்டார் ரூம் சுவரிலிருந்து குதித்திருக்கிறேன். அந்த வருஷம் மழை இல்லை. தண்ணீர் நெஞ்சளவுதான், அதுக்குக் கீழே பாறைத்திட்டு. பச்சைத் தண்ணீரில் அது தெரியவா போகிறது? மற்ற பையன்கள் ஓரமாகக் காலை விட்டுக் குதித்தார்கள், இவன் மட்டும் போன வருஷ ஞாபகத்தில் அதே சுவரிலிருந்து தலைகுப்புற டைவ் அடித்தான். குப்புற மிதந்தவனை, விளையாடுகிறான் என்று நினைத்து ரெண்டு பேர் சிரித்திருக்கிறார்கள்.

அப்புறம் கக்கத்தில் கையைக் கொடுத்து, தலை தொங்கத் தொங்கப் படியேற்றி, பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபிறகுதான் அந்தப் பயல்களுக்கு விஷயமே புரிந்தது. விழுந்தபோதே எல்லாம் போய்விட்டதா, தூக்கினதில் கொஞ்சம் கூடிப்போனதா என்று சித்தப்பா இன்றைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

ஆபரேஷன் செலவைக் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொண்டது, அதை மறைக்கக்கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போதுதான் கைவிட்டார்கள். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் படுக்கைப்புண் வரும், மணிக்கணக்கு வைத்துப் புரட்டிப் போடவேண்டும் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. ரெண்டாம் மாசமே இடுப்புக்குக் கீழே எலும்பு தெரிகிற மாதிரி புண். அதிலிருந்து சித்தி போனில் ரெண்டு மணிக்கு ஒருதரம் அலாரம் வைத்துக்கொண்டாள். ராத்திரி அவர்கள் வீட்டில் தங்கினால் கேட்கலாம், பன்னிரண்டுக்கு அடிக்கும், ரெண்டுக்கு அடிக்கும், நாலுக்கு அடிக்கும். சித்தி விளக்குக்கூடப் போடமாட்டாள், இருட்டிலேயே புரட்டிவிட்டு மூத்திரப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவே ரெண்டு வருஷம் ஆனது. 1975-இல் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த ராமகிருஷ்ணன் என்பவர் 1981-இல் தொடங்கியது. தண்டுவடம் அடிபட்டவனை எப்படி உட்காரவைப்பது, எப்படிக் குளிப்பாட்டுவது என்று வீட்டாளுக்கும் சேர்த்துப் பழக்குகிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுத்திருந்தால் அந்த ரெண்டு வருஷம் வீணாகியிருக்காது.

இன்னொரு வயிற்றெரிச்சல். சாலை விபத்து என்றால் 2021-இல் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லா சிகிச்சை. நல்ல திட்டம், குறையே இல்லை. கிணற்றில் விழுந்தவனுக்கு ஏன் அது கிடையாது? தண்டுவடம் போனவர்களுக்கு அரசு மாசம் 2,000 ரூபாய் கொடுக்கிறது, டியூபுக்கும் டயப்பருக்குமே அது பத்தாது. 2021-இல் மட்டும் உலகத்தில் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது, ஜூலை 25-ஐ மூழ்குதல் தடுப்பு நாள் என்று ஐ.நா. வைத்திருக்கிறது. எல்லாம் செத்தவர் கணக்கு. பிழைத்து முடங்கிப்போனவன் அதில் எங்கே வருவான்?

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரணிக்கு நடுவில் ஒரு கிணறு உண்டு, கோடையில் தண்ணீர் வற்றினாலும் குடிக்கக் கிடைக்கட்டும் என்று அந்தக் காலத்தில் வெட்டியது. பெரியவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். வெளியூரில் வளர்ந்த பிள்ளைக்கு? முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே போவான், அடுத்த எட்டு ஆளை முழுங்கும். கண்மாய் அதைவிட மோசம். முன்னே சரிவாக இறங்கும், கால் வைக்கும்போதே ஆழம் புரியும். இப்போது வண்டல் அள்ளுகிறோம் என்று ஜேசிபி வைத்துச் செங்குத்தாகத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகிறார்கள், ஒரு கோடைமழை பெய்துவிட்டால் மேலே எல்லாம் ஒரே தண்ணீர்தான். அள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓரத்தைச் சரித்துவிட்டு ஒரு சிவப்புக் கொடி நட எவ்வளவு நேரம் ஆகும்?

எங்கள் அப்பத்தா முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டுத்தான் எனக்கு நீச்சல் பழக்கியது. அது நீந்துவதைப் பார்த்திருக்கிறேன், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஒரே தம்மில் அக்கரை. அதன் பேத்திகள் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்று விட்டுவிட்டோம்.

நீச்சல் தெரியாதவர் காப்பாற்றக் குதிக்காதீர்கள், ஒருத்தருக்குப் பின் ஒருத்தராகப் போவது அப்படித்தான். கயிறு, சேலை, மூடி போட்ட காலித் தண்ணீர் கேன், எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். தூக்கிவந்தவனைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டவே வேண்டாம், வாந்தி நுரையீரலுக்குப் போய்விடும். மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், அப்புறம் நெஞ்சில் 30 அழுத்தலுக்கு 2 ஊதல், 108 வரும்வரை. டைவ் அடித்து அடிபட்டவன் மூச்சு விடுகிறான் என்றால் அவசரப்பட்டு இழுக்காதீர்கள், முகம் மேலே இருக்கத் தண்ணீரிலேயே தாங்கி, தலையும் உடம்பும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி ஒரு பலகையிலோ கதவிலோ ஏற்றுங்கள்.

தம்பி வீட்டு வாசலில் ஒரு நீளமான மூங்கில் கம்பு சாத்தியிருக்கிறது. குளிக்கப் போகிற பயல்களை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, “கம்பை விட்டுப் பாத்துட்டு எறங்குங்கடா” என்பான். சில பேர் எடுத்துப் போகிறார்கள். சில பேர் அவனைப் பார்க்கச் சங்கடப்பட்டு வேறு தெருவில் சுற்றிப்போகிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் ஊரணிப் படியில் ஒரு கயிறும் கேனும் கட்டப்போகிறோம், நடுக்கிணற்றைச் சுற்றிக் கம்பு நடப்போகிறோம். காசு வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் யார் வீட்டிலாவது காற்று மெத்தை, வீல்சேர் சும்மா கிடந்தால் கமெண்டில் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன். தம்பி மெத்தையில் ரெண்டு இடத்தில் ஒட்டுப்போட்டிருக்கிறது.