ஆமா தம்பி, எரியுதுதான்

அந்த "ஒரே நிமிஷத்துல பர்ன்-க்கு பத்து சினானிம்" ரீல்ஸ் (அதாவது எரியுறதுக்கு ஒரே அர்த்தத்துல பத்து வார்த்தையாம்) பத்தி முந்தாநாள் போட்டிருந்தேன்ல, அதுக்கு அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் தம்பி நேத்து லைவ்ல வந்து "சில அக்காங்களுக்கு நல்லா எரியுது போல"ன்னு சிரிச்சுட்டுப் போயிருக்காரு. கீழ வரிசையா ஃபயர் எமோஜி. சரி, எரியுதுதான். ஆனா தம்பி, நீங்க சொன்ன அந்த 'எரியுது'க்கு உங்க லிஸ்ட்ல இருக்குற பத்துல ஒண்ணையாவது போட முடியுமா? நான் என்ன ஸ்கால்டு ஆகுறேனா, சிஞ்ச் ஆகுறேனா, இன்சினரேட் ஆகுறேனா? இதத்தானய்யா அன்னிக்கும் சொன்னேன். பத்தும் ஒரே அர்த்தம் இல்ல.

ஸ்கால்டுன்னா கொதிக்கிற தண்ணி, ஆவி, கஞ்சி இதுங்க பட்டு வேகுறது. நெருப்பே வேணாம். சின்ன வயசுல சோறு வடிக்கும்போது எனக்கு மணிக்கட்டுல கஞ்சி கொட்டிருச்சு, தழும்பு இன்னும் இருக்கு, அது ஸ்கால்டு. ஸ்கார்ச்னா அயர்ன் பாக்ஸ வச்சுட்டு போன் பேசப் போனா வெள்ளச் சட்டையில முக்கோணமா ஒரு பழுப்பு விழும் பாருங்க, அது. சிஞ்ச்னா மேல மட்டும் லேசா. கோழிய உரிச்சு மிச்ச முடிய தீயில வாட்டுவோமே, பொசுக்குறதுன்னு சொல்வோம், அதேதான், அந்த நாத்தம் கூட அந்த வார்த்தையில வரும். சார்னா (வாத்தியார் இல்ல) கரியா போறது, கருகுறது. இன்சினரேட்னா சாம்பலாகுற வரைக்கும் எரிக்கிறது. ஸ்மோல்டர்னா ஜுவாலையே இல்லாம உள்ளுக்குள்ள கனன்னு புகையுறது. இதெல்லாம் ஒண்ணாம்!

நம்ம வீட்டு அடுப்படியில இது எல்லாருக்கும் தெரியும்ங்க. பால் அடிப்பிடிக்கும், தோசை தீயும், கடுகு கருகும், மொளகா காந்தும், சுடுதண்ணி பட்டா கை வெந்துபோகும், ஷாம்பு பட்டா கண்ணு எரியும், பஜ்ஜி தின்னா நெஞ்சு கரிக்கும். பால் கருகிருச்சுன்னு யாராவது சொன்னா அவங்க அடுப்புப் பக்கமே போனதில்லன்னு அர்த்தம். இவ்வளவு நுணுக்கமா பேசுற புள்ளைங்களக் கூப்பிட்டு "பர்ன்னா எரி, மிச்சம் ஒன்பதும் அதேதான், மனப்பாடம் பண்ணு"ன்னா அது என்ன பாடம்?

இங்கிலீஷ்காரங்களும் இதுல ஒண்ணும் ஒழுங்கு இல்ல, அது வேற. பழைய இங்கிலீஷ்ல தானா எரியுறதுக்கு ஒரு வினை, இன்னொருத்தன் எரிக்கிறதுக்கு ஒரு வினைன்னு ரெண்டு இருந்துச்சு, ரெண்டும் கலந்துதான் இன்னிக்கு ஒரே பர்ன். நம்மகிட்ட இன்னும் ரெண்டும் தனித்தனி. வீடு எரிஞ்சுதுன்னா விபத்து, வீட்ட எரிச்சான்னா போலீஸ் கேஸ். ஃப்ரீசர் பர்ன்னு சொல்றாங்களே, அதுல சூடே கிடையாது, ஃப்ரீசர்ல கறி ஈரம் வத்திக் காஞ்சு வெளுத்துப் போறதுக்குப் பேரு. ஸ்காட்லாந்துல பர்ன்னா ஓடை, அது வேற சொல்லு. 1314-ல இங்கிலாந்துப் படை ஸ்காட்லாந்துக்காரங்ககிட்ட தோத்த பானக்பர்ன்ல இருக்குறது அந்த ஓடைதான், யாரும் எதையும் கொளுத்தல. நெடுஞ்சாலையில டேங்கர் லாரி பின்னாடி 'இன்ஃப்ளேமபிள்'னு எழுதியிருக்கும், முன்னாடி இருக்குற 'இன்'னைப் பாத்துட்டு தீப்பிடிக்காதுன்னு நினைச்சா அவ்வளவுதான், ஃப்ளேமபிளும் அதுவும் ஒண்ணேதான். அங்க நிஜமாவே ஒரே அர்த்தம், தம்பி அதுக்கு ஒரு ரீல்ஸ் போடலாம்.

"எக்ஸாமுக்கு மார்க் வேணும்ல"ன்னு கேப்பீங்க. வேணும். நாலு ஆப்ஷன்ல ஒண்ண டிக் அடிக்க லிஸ்ட் உதவும், ஒத்துக்குறேன். "நீங்க என்ன இங்கிலீஷ் ப்ரொஃபசரா"ன்னா இல்ல, பதினாறு வருஷமா மொழிபெயர்ப்புல சோறு திங்கிறேன், போதும்ல.

"அவர் ஃப்ரீயாதான சொல்லித்தராரு, அதுல கூட குறை கண்டுபிடிக்கணுமா"ன்னு ஒரு குரூப் வரும். இவங்களுக்குத்தான் பதில் சொல்லணும். ஃப்ரீயா குடுத்தா கெட்டுப்போன மாவக் குடுக்கலாமா? இந்த லிஸ்ட்ட நம்பி மனப்பாடம் பண்றது யாரு, கான்வென்ட் புள்ளைங்களா? வீட்ல இங்கிலீஷ் பேசுறவன் தப்பா ஒரு வார்த்தை சொன்னா வீட்லயே திருத்திருவாங்க. எங்கள மாதிரி தமிழ் மீடியம் புள்ளைங்க லிஸ்ட்ட மட்டும்தான் நம்பி நிக்கும்.

நான் நின்னேன். பத்தாவது படிக்கும்போது எங்கிட்டயும் ஒரு கைடு இருந்துச்சு, பர்ன்-க்கு நேரா ஆறேழு வார்த்தை, கமா போட்டு. காலையில எங்க வீட்ல என்ன நடந்துச்சுன்னு காம்போசிஷன் எழுதச் சொன்னாங்க. எல்லாரும் பர்ன்னுதான் எழுதுவாங்க, நாம பெரிய வார்த்தையா போடுவோம்னு ஆசைப்பட்டு "மை மதர் கிரிமேட்டட் தி தோசை"ன்னு எழுதிட்டேன். அம்மா தோசைய தகனம் பண்ணிட்டாங்களாம். வாத்தியார் அத கிளாஸ்ல சத்தமா படிச்சாரு. அப்புறம் பக்கத்து கிளாஸ்லயும் போய்ப் படிச்சாரு. அந்த வருஷம் முழுக்க எனக்குப் பேரு என்னன்னு சொல்லவே வேணாம். தோசை தகனம்னு தமிழ்ல நான் எழுதிருப்பேனா சொல்லுங்க? தகனம்னா பொணத்துக்கு மட்டும்தான்னு எனக்குத் தெரியாதா? தெரியும். கிரிமேட்டும் அதே மாதிரிதான்னு அந்த கைடு சொல்லல, அவ்வளவுதான் விஷயம்.

"தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்"னு வள்ளுவர் சொன்னத நல்லா அனுபவிச்சிருக்கேன், கஞ்சி கொட்டுனது அஞ்சாறு நாள்ல ஆறிருச்சு.

வீட்ல அம்மா கேட்டாங்க, "என்னடி எழுதின, என்னப் பத்தி ஏதோ எழுதி எல்லாரும் சிரிச்சாங்களாமே"ன்னு. தோசை தீஞ்சு போச்சுன்னு எழுதினேன்மான்னு சொன்னேன். "ஏன்டி அதப் போய் எழுதுற"ன்னு கோச்சுக்கிட்டாங்க.

2021-ல அம்மா போனப்ப மின்மயானத்துல ஒரு ஃபாரம் குடுத்தாங்க. அதுல ஒரு கட்டம், 'டேட் ஆஃப் கிரிமேஷன்'. பேனாவக் கையில வச்சுக்கிட்டு அந்த வார்த்தையவே பாத்துட்டு நின்னேன், தம்பி வந்து வாங்கி எழுதினான். என் கூடப்பிறந்த தம்பி, உங்களச் சொல்லல.

ரீல்ஸ டெலீட் பண்ணச் சொல்லல நான், அன்னிக்கும் சொல்லல. வியூஸ் வந்துட்டு இருக்கு, வரட்டும். அதுல ஏழாவதா ஒரு வார்த்தை வச்சிருக்கீங்கல்ல, அத மட்டும் எடுத்துடுங்க தம்பி.