பள்ளி மேலாண்மைக் குழுத் தேர்தலைத் தேர்தலாக நடத்துங்கள்

வார்டு உறுப்பினர் தேர்தல் என்றால் ஊரே விழித்துக்கொள்கிறது. வீடு வீடாக வந்து கும்பிடுகிறார்கள். எந்தத் தெரு யார் பக்கம் என்று டீக்கடையில் கணக்குப் போடுகிறார்கள். அதே ஊரின் அரசுப் பள்ளியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளி மேலாண்மைக் குழு தேர்ந்தெடுக்கப்படுகிறது. அது எப்போது நடந்தது, யார் தலைவர் ஆனார் என்று அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கும் வீட்டுக்கே தெரிவதில்லை. 2022இல் தமிழ்நாடு முழுவதும் இந்தக் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டன. 2024 ஆகஸ்டில் மறுபடியும் செய்யப்பட்டன. அடுத்த முறை அழைப்புக் கடிதம் பிள்ளையின் பையில் வரும்போது அதை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடம் தருகிற சட்டம் என்று மட்டும்தான் நம்மில் பலர் அதை அறிவோம். அதன் 21ஆவது பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பள்ளிக்கு ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்களின் விகிதத்துக்கு ஏற்ப இடம் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் குழுவுக்கு 20 பேர். அவர்களில் 15 பேர் பெற்றோர். மீதி இடங்களில் தலைமை ஆசிரியர், ஓர் ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், கல்வியில் அக்கறை கொண்ட ஒருவர். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து எண்ணிக்கையை 24 ஆக்கினார்கள். தலைவர் அந்தப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும். துணைத் தலைவர் பொறுப்பில் மாற்றுத்திறன் குழந்தையின் பெற்றோருக்கு முன்னுரிமை.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு பெண், தீப்பெட்டி ஒட்டுகிற ஒரு பெண், வீட்டு வேலை செய்கிற ஒரு பெண், தன் பிள்ளை படிக்கும் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை தாங்க முடியும். அவருக்குச் சொத்து வேண்டாம், கட்சி வேண்டாம், பட்டம் வேண்டாம். அங்கே படிக்கும் ஒரு பிள்ளை இருந்தால் போதும். நம் நாட்டில் வேறு எந்தப் பொறுப்புக்கும் தகுதி இவ்வளவு நியாயமாக வகுக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. மாதக் கட்டணமாக ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்கும் சுயநிதிப் பள்ளிப் பெற்றோருக்கு இந்தச் சட்டத்தில் இப்படியொரு உரிமை கிடையாது. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். முழு அதிகாரம் இருப்பது அரசுப் பள்ளிப் பெற்றோருக்குத்தான்.

அதிகாரம் என்றால் என்ன? பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது, அரசு கொடுக்கும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. மூன்றாவதுதான் முக்கியம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டு மானியம் உண்டு. 31 முதல் 100 மாணவர்கள் வரை இருந்தால் 25,000 ரூபாய், 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிகளுக்குப் போக வேண்டும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடவும், குடிநீர்த் தொட்டியைக் கழுவவும், உடைந்த குழாயை மாற்றவும் இந்தப் பணம்தான் இருக்கிறது. அந்தத் தாழ்ப்பாள் போடப்பட்டதா என்று கேட்க ஒரு தாயைவிடப் பொருத்தமானவர் யார்?

காமராசர் ஆட்சிக்காலத்தில் அன்றைய கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றிப் பெரியவர்கள் பெருமையோடு பேசுவார்கள். ஊர்மக்கள் தங்கள் பள்ளிக்கு நிலமும் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தார்கள். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அன்று ஊர் கொடையாளியாகத்தான் பள்ளிக்குள் வந்தது. கொடுக்க முடிந்தவருக்கே மேடையில் நாற்காலி. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தலைவர் நாற்காலியில் பல ஊர்களில் இன்றும் அந்தப் பள்ளியில் பிள்ளையே படிக்காத முக்கியப் புள்ளிதான் உட்கார்ந்திருக்கிறார். 2009ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இடத்தில்தான் மாறுபடுகிறது. எதையும் கொடுக்க முடியாதவருக்கும் கேட்கும் உரிமை உண்டு என்கிறது.

அந்த உரிமையைப் பெறுகிறவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் எனக்கு ஆற்றாமை. பெற்றோர் உறுப்பினர்களை எந்த முறையில் தேர்ந்தெடுப்பது என்று 21ஆவது பிரிவில் எதுவும் இல்லை. விதிகளுக்கும் வழிகாட்டுதல்களுக்கும் அது விடப்பட்டிருக்கிறது. ஆகவே எல்லாம் பள்ளி வளாகத்தில் நடக்கும் ஒரு கூட்டத்தின் நேர்மையைப் பொறுத்ததாகிவிடுகிறது. நான் பெற்றோராகக் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் கையில் இருந்த தாளைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார். வாசிக்க வாசிக்க எல்லோரும் கை தட்டினோம். யாரும் முன்மொழியவில்லை, யாரும் வழிமொழியவில்லை, வேறு யாருக்காவது விருப்பமா என்ற கேள்வியும் வரவில்லை. தலைவராக அறிவிக்கப்பட்ட அம்மாள் பின் வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்தார். தன் பெயரைக் கேட்டதும் திகைத்துப் போய்ப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவரிடம் சம்மதம் கேட்டிருந்தால் அவர் அப்படித் திகைத்திருக்க மாட்டார்.

தலைமை ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. ஈராசிரியர் பள்ளியில் பாடம் நடத்தி, எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றி, காலை உணவையும் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு, கூப்பிட்டால் வந்து கையெழுத்துப் போடுகிற தலைவர் கிடைத்தால் போதும் என்று தோன்றுவது இயல்பு. பள்ளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர், எதையும் கேள்வி கேட்காதவர், கைபேசிச் செயலியில் வருகையைப் பதிவு செய்யத் தெரிந்தவர் என்று தேர்வு குறுகிவிடுகிறது. இதில் மிகவும் பாதிக்கப்படுவது ஊருக்குப் புறத்தே இருக்கும் தெருக்களின் பெற்றோர்தான். விகிதாசாரம் காகிதத்தில் சரியாக இருக்கும். கூட்டத்தில் அந்தத் தெருப் பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள், அவர்கள் பேச வேண்டியதை வேறு யாரோ பேசுவார்கள். தலைவர் பெண் என்றால் அவருக்குப் பதிலாகக் கணவர் கூட்டத்துக்கு வரும் கொடுமையும் உண்டு. ஊராட்சி மன்றங்களில் நாம் பல ஆண்டுகளாகப் பார்த்த அதே நோய் பள்ளிக்குள்ளும் வருவதை அனுமதிக்கவே கூடாது.

குழு வெறும் கையெழுத்தாக இருப்பதால் என்ன கேடு என்று கேட்பவர்களுக்கு 2022 ஒன்றே போதும். அந்த ஆண்டு 13,331 ஆசிரியர் காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவு செய்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 என்று அறிவித்தார்கள். வேண்டியவர்களுக்கே வேலை போகும் என்று உடனே எதிர்ப்புக் கிளம்பியது, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. நிரந்தரப் பணியிடத்தை இந்தத் தொகுப்பூதியத்தில் நிரப்பியதே தவறு என்பது என் கருத்து. அது தனி விவாதம். ஆனால் தன் பிள்ளைக்கு யார் பாடம் நடத்துவது என்பதில் கைவைக்கும் அளவுக்கு ஒரு குழுவுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டு, அந்தக் குழுவைக் கைதட்டலில் அமைத்தால் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்?

தமிழ்நாட்டில் 37,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. அத்தனையிலும் வாக்குப்பதிவு இயந்திரம் வைக்கச் சொல்லவில்லை. கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே பெற்றோர் பட்டியலைப் பள்ளிச் சுவரில் ஒட்டலாம். போட்டியிட விரும்புகிறவர்களின் பெயரை முன்கூட்டியே வாங்கலாம். அன்றைக்கு ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் எழுந்து நின்று, பள்ளியில் எதை முதலில் சரி செய்ய வேண்டும் என்று பேசட்டும். ஒரே பொறுப்புக்கு இருவர் வந்தால் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்காக வண்ணச் சீட்டு வைக்கலாம். கை தூக்கும் முறை சிறிய ஊரில் ஆபத்தானது. நிலத்துக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கூலிக்காரர் கை எங்கே எழும்?

கூட்ட நேரத்தையும் மாற்றியாக வேண்டும். 2024இல் சனிக்கிழமைகளில் மறுகட்டமைப்பு நடத்தினார்கள், அது கொஞ்சம் நல்லது. ஆனால் மாதக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் என்றால் தினக்கூலி இழக்காமல் எந்தத் தாயும் வர முடியாது. மாலை ஆறு மணிக்கு வையுங்கள், அல்லது அன்றைய கூலியைக் குழு உறுப்பினருக்கு அரசே கொடுக்கட்டும். ஊராட்சி உறுப்பினருக்கு அமர்வுப்படி தருகிறபோது இவர்களுக்கு ஏன் தரக்கூடாது?

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். அந்தக் கூட்டத்தில் புதிய பெயர்களை வாசிக்கத் தொடங்கும் முன் எழுந்து நின்று, பழைய குழு என்னென்ன தீர்மானம் போட்டது, மானியத்தில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேளுங்கள். தீர்மானப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அது வாசித்து முடிக்கப்பட்ட பிறகு தேர்தலைத் தொடங்கட்டும்.