மீந்த விருந்துச் சாப்பாட்டுக்கு 1098-ஐ அழைக்காதீர்கள்

முகூர்த்த மாதம் வந்தாலே அந்த வாட்ஸ்அப் செய்தியும் வந்துவிடுகிறது: “விசேஷத்தில் சாப்பாடு மீந்துவிட்டதா? 1098-ஐ அழையுங்கள், வந்து எடுத்துப்போய்க் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள்.” பிரதமரே அறிவித்ததாகவும் சிலவற்றில் ஒரு வரி இருக்கும்.

இது உண்மை இல்லை. 1098 ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான உதவி எண். அடி உதை, குழந்தைத் திருமணம், கொத்தடிமை வேலை, ரயில் நிலையத்தில் தனியாக நிற்கும் பிள்ளை என்று இவற்றுக்காகத்தான் 24 மணி நேரமும் அங்கே ஆள் இருக்கிறார்கள். சேவையைப் பல ஆண்டுகள் நடத்திய சைல்டுலைன் அமைப்பே, மீந்த உணவை எடுப்பதில்லை என்று தெளிவாக மறுத்திருக்கிறது. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் இணையதளத்திலும் இந்த எண் எதற்கென்று பார்த்துக்கொள்ளலாம். அண்டா பிரியாணிக்காக ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் அடிபடும் குழந்தையின் அழைப்பு காத்திருக்க நேரலாம். என்னை உறுத்துவது இதுதான்.

சரி, சாப்பாட்டை என்ன செய்வது? கோவையில் 2014-இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் இதற்கென்றே இருக்கின்றன. எத்தனை பேருக்கு வரும், எப்போது சமைத்தது என்று சொல்லத் தயாராக இருங்கள். இலையில் வைத்த மிச்சம் ஆகாது. பாத்திரத்தில் கைபடாமல் இருப்பதுதான் வேண்டும். தேங்காய்ச் சட்னி சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் கடைசிப் பந்தி ஓடும்போதே எவ்வளவு மிஞ்சும் என்று சமையல்காரரைக் கேட்டுத் தகவல் சொல்லிவிடுங்கள். உங்கள் ஊரில் யார் எடுக்கிறார்கள் என்பதை விசேஷத்துக்கு முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

1098 செய்தி குடும்பக் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.