வெள்ளிக்கு இவ்வளவு இடம், மாலுமிகளுக்கு ஒரு வரியா?

இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய எஸ்.எஸ். கெய்ர்சொப்பா கப்பலைப் பற்றி நான் படித்த கட்டுரை, 2012, 2013 ஆண்டுகளில் 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து வெள்ளிக் கட்டிகளை மீட்ட கதையை விரிவாகச் சொல்கிறது. அந்தக் கப்பலில் பணியாற்றிய இந்திய மாலுமிகளுக்கு ஒரே ஒரு வரிதான். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

1919இல் கட்டப்பட்ட அந்தப் பழைய நீராவிக் கப்பல், 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து இரும்பு, தேயிலை, வெள்ளியுடன் கிளம்பியது. பணியாளர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள், அதாவது நம் நாட்டு மாலுமிகள். பிரிட்டனை நெருங்கும்போது கடல் கொந்தளித்தது. நிலக்கரி போதாது என்பதால், பாதுகாப்புக்காகச் சேர்ந்து சென்ற கப்பல் கூட்டத்தை விட்டுப் பிரிந்து அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கித் திரும்பியது. தனியாக வந்த அந்தக் கப்பலை 1941 பிப்ரவரியில் ஜெர்மனியின் யு-101 நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது.

தப்பிய ஒரே படகில் இருந்தவர்கள் குளிரிலும் தாகத்திலும் ஒவ்வொருவராக இறந்தார்கள். பதின்மூன்றாம் நாள் இங்கிலாந்தின் கார்ன்வால் கரை தெரிந்தது. அங்கேயும் பேரலை படகைக் கவிழ்த்துவிட்டது! இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் ஏர்ஸ் மட்டுமே உயிர் பிழைத்தார்.

கப்பலின் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டவர்களைப் பற்றி யாராவது எழுத வேண்டாமா? அந்தப் போரில் இறந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் 6,000 பேருக்கும் மேல். அவர்களின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவுப் பதிவேடுகளில் இருக்கின்றன. கட்டுரையாளர் அடுத்த பகுதியை அங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.