கழுத்தைத் தடவிப் பார்த்தீர்களா, அண்ணாச்சி?

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைப் பயிற்சி அறையில் நடந்ததை இங்கே பலரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். ஒரு தம்பி ஆசையாகக் கொண்டுவந்த எலக்ட்ரிக் கிட்டாரை ஓர் அண்ணாச்சி கையில் வாங்கினார். கிட்டாரின் தலையில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தார். ஒரு கம்பியை ஒரே ஒரு முறை தட்டினார். "இது விறகு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அறையே சிரித்தது. 26,000 ரூபாய் கிட்டார் அது. கல்லூரி விடுமுறை நாட்களில் எல்லாம் கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறிச் சேர்த்த பணம்.

இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. அண்ணாச்சி, அந்தக் கழுத்தை ஒரு முறையாவது தடவிப் பார்த்தீர்களா?

கிட்டாரின் கட்டுமானத்தைப் பார்க்க வேண்டிய இடம் தலை அல்ல, கழுத்து. சுருதி கூட்டிய ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ பாரத்தோடு அதை இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதைத் தாங்கி நேராக நிற்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. தலைப்பக்கம் இருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் இரண்டு ஓரங்களையும் பார்த்தால் முறுக்கு இருப்பது தெரிந்துவிடும். ஓரமாக விரலை ஓட்டினால், கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் என்ற உலோகக் கட்டைகளின் முனைகள் கீறுவது தெரியும். முதல் கம்பியும் ஆறாவது கம்பியும் விளிம்பிலிருந்து ஒரே அளவு தள்ளி ஓடுகின்றனவா, கழுத்து உடலில் உட்காரும் பள்ளத்தில் சந்து விழுந்திருக்கிறதா? இத்தனைக்கும் இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை அந்தப் பையனுக்குக் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை.

ஒரு கண்ணை மூடிப் பார்க்க எனக்குக் கற்றுத் தந்தவர் என் அப்பா. கல்லிடைக்குறிச்சியில் தச்சு வேலை செய்தவர், கிட்டாரைத் தொட்டதே இல்லை. மரக்கடைக்கு என்னையும் அழைத்துப் போவார். ஒவ்வொரு சட்டமாக எடுத்து, ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் கன்னத்தோடு ஒட்டி வைத்து, ஒரு கண்ணால் நுனி வரை பார்ப்பார். கோணல் இருந்தால் ஒன்றும் சொல்லாமல் சுவரில் சாய்த்துவிடுவார். நல்லது என்றால் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் ஒரு கீறல் போடுவார். அந்தக் கீறல்தான் அடையாளம். மரத்தின் மேல் யாருடைய முத்திரை இருக்கிறது என்று அவர் பார்த்து நான் கண்டதில்லை.

திங்கட்கிழமை மாலை அந்தத் தம்பி என் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, இதை யாராவது பாதி விலைக்காவது எடுப்பார்களா?" என்று கேட்டான். கிட்டாரை வாங்கி மேசையில் வைத்தேன்.

கம்பியைத் தட்டியபோது அண்ணாச்சியின் காதில் விழுந்த சரசரப்பு உண்மைதான். ஆனால் அது கட்டுமானக் குறை அல்ல. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி அளவுக்கு மேல் முறுக்கப்பட்டு, கழுத்து பின்பக்கமாக வளைந்திருந்தது. ஆலன் சாவியால் கால் சுற்றுத் தளர்த்தினேன். ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், ஏழாவது ஃபிரெட்டின் மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி வந்தது. சரசரப்பு போய்விட்டது. வீணையில் மெழுகில் பதித்த மெட்டு நகர்ந்துவிட்டால் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்து மறுபடி பதிக்க, கொடுக்கிறோம். வீணையை விறகு என்று யாரும் அடுப்படிக்கு அனுப்புவதில்லையே!

முறுக்கிக்கொண்ட கழுத்து, வேலை செய்யாத ட்ரஸ் ராட், உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் இடம் மாறிப் பதிந்திருப்பது. கட்டுமானக் குறை என்றால் இவற்றைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். இதில் ஒன்றுகூட அந்தக் கிட்டாரில் இல்லை. ஃபிரெட்டுகளின் உயரம் சமமா என்று எஃகுப் பட்டையை மூன்று மூன்று ஃபிரெட்டாக வைத்து ஆட்டிப் பார்த்தேன், ஓர் இடத்திலும் ஆடவில்லை. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி வாசித்த சுரமும், அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பிய சுரமும் ஒன்றாகவே நின்றன.

ஃபிரெட் முனைகள் கீறுகின்றனவே என்பீர்கள். கீறின, மறைக்கவில்லை. ஈரக்காற்றுள்ள ஊரில் செய்த கருவி நம் சித்திரை வெயிலுக்கு வந்தால் விரல்பலகை மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. முனை வெளியே நீட்டிக்கொள்கிறது. அரத்தால் தேய்த்தால் தீர்ந்தது. "அவ்வளவு பணம் கொடுத்தவன் ஏன் அரம் பிடிக்க வேண்டும்?" என்றால், அது நியாயமான கேள்வி. விற்றவர் செய்து கொடுத்திருக்க வேண்டும். அதற்காக விற்றவரைக் கேளுங்கள், பையனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

"அவர் முப்பது வருடமாக வாசிக்கிறவர், நீ யார்?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். வாசிப்பில் அவர் கால்தூசி பெறமாட்டேன், அதில் எனக்கு வெட்கமும் இல்லை. வாசிப்பது வேறு, கருவியை அறிவது வேறு. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற புகழ்பெற்ற எலக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது.

"இந்தோனேசியச் சரக்கு" என்கிறார் இன்னொருவர். ஸ்குவையர், யமஹா பசிஃபிகா என்று நீங்கள் மரியாதையாகச் சொல்லும் பெயர்களிலும் பல கிட்டார்கள் அங்கிருந்துதான் வருகின்றன. அங்கே ஒரு தொழிலாளி குனிந்து உட்கார்ந்து ஃபிரெட் பதித்திருக்கிறார். அவர் வேலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஊரை ஏன் பார்க்கிறீர்கள்? காருகுறிச்சிப் பானையைச் சுண்டிப் பார்த்து, பத்தமடைப் பாயில் விரல் ஓட்டிப் பார்த்து வாங்குகிற ஊர் அல்லவா இது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் மனைவியே கேட்டாள். அப்பா ஒரு வீட்டுக்குத் தலைவாசல் கதவு செய்து கொடுத்தார். நான்கு மாத வேலை. பால் காய்ச்சும் அன்று, உறவினர் ஒருவர் வாசலில் நின்றபடியே, "உள்ளூர் வேலைதானே, மதுரையில் சொல்லியிருக்கலாம்" என்றார். கதவைத் தொடவில்லை. திறந்து மூடிப் பார்க்கவில்லை. அப்பா பந்தியில் உட்காராமல் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டார். அந்தக் கதவு இன்றும் மழைக்காலத்தில்கூட நிலையில் உரசாமல் மூடுகிறது. இது அப்பாவுக்குத் தெரியாது. அவர் அந்தத் தெருவுக்கு மறுபடி போகவே இல்லை.

தம்பியின் கிட்டார் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. முனைகளைத் தேய்த்தாகிவிட்டது. ஒலிக்குமிழ் கரகரக்கிறது, அதைச் சுத்தம் செய்ய வேண்டும். தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் நட் என்ற பட்டையில் மூன்றாவது கம்பியின் பள்ளம் கொஞ்சம் உயரம், அதனால் முதல் ஃபிரெட்டில் சுருதி ஏறுகிறது. அதை நாளை இரவு இறக்குவேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.